நாகர்கோவிலில் ஒரு வெற்றிடம் வேண்டும்

மதிப்பிற்குரிய இஸ்ரோ தலைவர் திரு. வி. நாராயணன் அவர்களுக்கும், வலியமலை திரவ உந்து அமைப்புகள் மையத்தில் மின் உந்துவிசை வேலையில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் ஆரல்வாய்மொழிக்காரன். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில், மெக்கானிக்கல் பிரிவில், இருபது வருடமாக வாத்தியார் வேலை. சரக்கல்விளையில் பிறந்த கே. சிவன் அந்த நாற்காலியில் இருந்தார், இப்போது மேலக்காட்டுவிளையில் பிறந்தவர் இருக்கிறார் என்று வருடா வருடம் புதுப் பையன்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த மடல் அந்தப் பெருமையைப் பாடுவதற்கு இல்லை. ஒரு பொருள் கேட்டு எழுதுகிறேன். என்ன பொருள் என்று பிறகு சொல்கிறேன், முதலில் ஒரு சத்தத்தைப் பற்றி.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், காற்று மலைப்பக்கமிருந்து அடிக்கும் நாட்களில், திடீரென்று வானம் உறுமும். மழை இருக்காது, மின்னல் இருக்காது. அம்மா அடுக்களையிலிருந்தே "மகேந்திரகிரியில ராக்கெட்டு ஓட்டுதானுவ" என்பாள். அவ்வளவுதான் எங்களுக்கு விளக்கம். அது விகாஸ் என்ற ராக்கெட் என்ஜினைத் தரையில் ஓட்டிப் பார்க்கும் சத்தம் என்பதெல்லாம் டிப்ளமோ படிக்கும்போதுதான் தெரிந்தது. அனுமன் இலங்கைக்குத் தாவியது அந்த மலையிலிருந்துதான் என்பது எங்கள் பக்கத்துக் கதை. தாவுவது என்றால் பெரிய சத்தத்தோடுதான் தாவ வேண்டும் என்று வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

2025 மார்ச் கடைசியில் நீங்கள் வெளியிட்ட ஒரு செய்தி அந்த நம்பிக்கையைக் கலைத்தது. மின்சாரத்தால் வாயுவை எறிந்து செயற்கைக்கோளைத் தள்ளும் 300 மில்லிநியூட்டன் பிளாஸ்மா த்ரஸ்டர், அதாவது மின்னுந்தி, ஒன்றை, விண்வெளி மாதிரியான வெற்றிடத்துக்குள், 5.4 கிலோவாட் முழுச் சக்தியில் 1,000 மணி நேரம் ஓட்டி முடித்தீர்கள். நம் தோப்புகளில் தண்ணீர் இறைக்கும் ஏழரை எச்.பி. மோட்டார் தின்னும் மின்சாரம்தான் அது. தள்ளும் விசையோ முப்பது கிராம் எடைக்குச் சமம். வகுப்பில் ஒரு சின்ன மட்டிப்பழத்தை உரித்து ஒரு பையனின் உள்ளங்கையில் வைத்து, "இந்த அழுத்தம்தான்" என்றேன். "இத வச்சு என்ன சார் நகரும்?" என்றான். பழத்தைத் தின்றும் விட்டான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1,000 மணி நேரம் அந்த உந்தி தள்ளியதையெல்லாம் கூட்டினால், 80 டன் விசையுள்ள விகாஸ் என்ஜின் ஒன்றரை வினாடிகூடத் தள்ளிய அளவுக்கு வரவில்லை! வகுப்பே சிரித்தது. சரி, அந்த ஒன்றரை வினாடிக்கு விகாஸ் எவ்வளவு எரிக்கும் என்று அடுத்த கணக்கு. ஏறக்குறைய 400 கிலோ. மின்னுந்தி அதே வேலைக்குச் செலவழித்திருக்கக்கூடிய செனான் வாயு, என் கணக்கில், அறுபது எழுபது கிலோ. அப்போது சிரிப்பு நின்றது. நாலு டன் செயற்கைக்கோளை மேலே அனுப்பினால் அதில் பாதி, சுற்றுப்பாதையை உயர்த்தவும் பிறகு வருடக்கணக்கில் இடம் பிசகாமல் நிற்கவும் வேண்டிய எரிபொருள்தான் என்று சொன்னேன். பாதி லாரிக்கு டீசல் ஏற்றிக்கொண்டு சரக்கு ஏற்றப் போவது போல.

இடையில் ஒன்று. 'த்ரஸ்டர்' என்பதற்கு 'உந்தி' என்று போர்டில் எழுதினால், தமிழ் இலக்கியம் கொஞ்சம் தெரிந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். உந்தி என்றால் தொப்புள். அதற்காக நான் மாற்றுவதாக இல்லை.

அது வேலை செய்யும் விதத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், உங்களுக்காக இல்லை, இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக. பெரிய செம்புக்குள் சின்ன செம்பை வைத்தால் நடுவில் ஒரு வளைய இடைவெளி கிடைக்கும் அல்லவா, அதுதான் ஹால் வகை உந்தியின் வடிவம். சுவர் பீங்கான் இனம். அடியில் நேர்மின்வாய், வாய்ப்பக்கம் வெளியே எலெக்ட்ரான் உமிழும் எதிர்மின்வாய், குறுக்கே காந்தப்புலம். உள்ளே போகப் பார்க்கும் எலெக்ட்ரான்களைக் காந்தப்புலம் பிடித்துச் செக்குமாடு போலச் சுற்ற விடுகிறது. பின்பக்கமிருந்து வரும் செனான் அணுக்கள் அதில் மோதி அயனியாகின்றன. சில நூறு வோல்ட் மின்னழுத்தம் அந்த அயனிகளை வினாடிக்கு 15 கிலோமீட்டருக்கும் மேல் வேகத்தில் வெளியே எறிகிறது. எறியும் பொருள் கொஞ்சம், எறியும் வேகம் அதிகம். விஷயம் அவ்வளவுதான். சோவியத் ஒன்றியம் 1971 கடைசியில் ஏவிய மீட்டியர் செயற்கைக்கோளிலேயே இதை ஓட்டிப் பார்த்துவிட்டது. அதற்கும் ஏழு வருடம் முன்னால் அமெரிக்காவின் செர்ட்-1 வேறு வகை அயனி உந்தி ஒன்றை விண்வெளியில் 31 நிமிடம் இயக்கியது. 2007-இல் கிளம்பிய டான் விண்கலம் 425 கிலோ செனானை வைத்துக்கொண்டு வெஸ்டா, செரஸ் இரண்டையும் போய்ச் சுற்றியது.

நம் கதை கொஞ்சம் தாமதம். அந்தத் தாமதத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது, மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் என்ஜினோடு வாழ்ந்த உங்களுக்கு அது வேடிக்கையாக இருக்காது. 2010 ஏப்ரல் 15 அன்று ஏவிய ஜிசாட்-4 செயற்கைக்கோளில் பிளாஸ்மா உந்திகள் இருந்தன. ஏற்றிப்போன ராக்கெட்டின் கிரையோஜெனிக் நிலை கைவிட்டது. நிமிடங்களில் எல்லாம் கடலுக்குப் போயிற்று. சத்தமான என்ஜின் தோற்றதால் சத்தமில்லாத என்ஜின் ஏழு வருடம் காத்திருந்தது. 2017 மே 5-இல் தெற்காசியச் செயற்கைக்கோளான ஜிசாட்-9 தான் அந்தக் காத்திருப்பை முடித்தது.

இனி எனக்கு மிகவும் உறுத்தும் இடத்துக்கு வருகிறேன்.

நீங்கள் பொறுப்பேற்று இரண்டு வாரத்தில், 2025 ஜனவரி 29 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலில் என்.வி.எஸ்-02 போனது. ராக்கெட் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. செயற்கைக்கோளில், எரிபொருளை எரிய வைக்கும் ஆக்சிகரணியை என்ஜினுக்குள் விடும் வால்வு திறக்கவில்லை. நாவிக் என்ற நம் இடங்காட்டிச் செயற்கைக்கோள் வரிசையில் நிற்க வேண்டிய கோள் நீள்வட்டப் பாதையிலேயே மாட்டிக்கொண்டது.

நாவிக் என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு செல்போனில் இருக்கும் ஏதோ ஒரு வசதி. தூத்தூர், வள்ளவிளை, இரையுமன்துறைப் பக்கம் அப்படி இல்லை. அங்கேயிருந்து சுறாவுக்கும் சூரைக்கும் போகிறவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கரையிலிருந்து அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழி இருக்கவில்லை. என்னிடம் படித்த இரண்டு பையன்களின் வீட்டில் அந்த வருடம் கிறிஸ்துமஸ் குடில் கட்டவில்லை. அதற்குப் பிறகுதான் நாவிக் வழியாகக் கடலுக்குள் எச்சரிக்கை அனுப்பும் கருவி வந்தது, படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் வந்தது. அதனால் ஒரு வால்வு திறக்காத செய்தியை எங்கள் கடற்கரை சும்மா படித்துவிட்டுப் போவதில்லை.

2010 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவத்தின் ஏ.இ.ஹெச்.எஃப்-1 என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோளுக்கும் இதே கதிதான். முக்கிய என்ஜின் வேலை செய்யவில்லை. ஆனால் அதில் ஹால் உந்திகள் இருந்தன. முதலில் சின்ன ஹைட்ரஸின் உந்திகளால் சுற்றுப்பாதையின் தாழ்ந்த முனையைக் கொஞ்சம் தூக்கி, பிறகு மின்னுந்திகளால் மாதக்கணக்கில் தள்ளித் தள்ளி, 2011 அக்டோபரில் அதன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். என்.வி.எஸ்-02-இல் மின்னுந்தி இருந்திருந்தால் கட்டாயம் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அதன் தாழ்ந்த முனை 170 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருந்தது. அங்கே காற்றின் உரசலே மட்டிப்பழ விசையை விழுங்கிவிடலாம். ஆனாலும் கடலுக்குப் போகிற வள்ளத்தில் மோட்டார் இருந்தாலும் துடுப்பையும் போட்டுக்கொண்டுதான் போவார்கள். நாவிக் கோள்களுக்கும் அந்தத் துடுப்பு வேண்டும் என்பது என் எண்ணம். எடை, மின்சாரம், கதிர்வீச்சுப் பட்டையில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டியது என்று நூறு தடை சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் பொதுவில் சொல்லுங்கள், நாங்களும் கற்றுக்கொள்கிறோம்.

1,000 மணி நேரம் என்பது பாராட்ட வேண்டிய எண். ஆனால் நாள் கணக்கில் நாற்பத்திரண்டுதான். சுற்றுப்பாதையை உயர்த்தவே பல மாதம் ஓட வேண்டியிருக்கும், அதன் பிறகு பதினைந்து வருட நிலைநிறுத்தம் பாக்கி. நாசா தன் நெக்ஸ்ட் உந்தியைத் தரையில் 48,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டியது, ஐந்தரை வருடம். அது கம்பிவலை வகை, ஹால் வகை இல்லை, நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் அந்தப் பொறுமையை ஒப்பிடலாம். ஹால் உந்திக்கு எமன் சுவர் அரிப்பு. அயனிகள் பீங்கான் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். முதல் சில நூறு மணி நேரம் வேகமாகத் தின்னும், பிறகு நிதானிக்கும். நிதானித்துவிட்டதே என்று நம்பி விட்டுவிடவும் முடியாது. எங்கள் கடற்கரையில் வீடு இழந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அரிப்பின் இந்தக் குணத்தை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். உங்கள் சோதனையில் சுவர் எவ்வளவு தேய்ந்தது, எந்த மணியில் எப்படித் தேய்ந்தது என்ற வரைபடத்தை வெளியிட்டால், எங்கள் மாணவர்களுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. ரகசியம் காக்க வேண்டியதைக் காத்துக்கொள்ளுங்கள். தேய்மானக் கோடு ஒன்றையாவது விடலாமே!

சரி, இப்போது எங்கள் ஜாடிக்கு வருகிறேன்.

மூன்று வருடம் முன்னால் கடைசி வருடப் பிள்ளைகள் நாலு பேர், இரண்டு பையன், இரண்டு பெண், புராஜெக்டுக்காக என்னிடம் வந்தார்கள். பிளாஸ்மா உந்தி செய்ய வேண்டும் என்றார்கள். ஹால் வகை நம் கைக்கு எட்டாது, துடிப்பு வகை பார்க்கலாம் என்றேன். டெஃப்லான் கட்டை ஒன்று, இரண்டு தாமிரத் தகடு, ஒரு கெபாசிட்டர், பற்றவைக்க ஒரு ஸ்பார்க் பிளக். கெபாசிட்டர் சேர்த்து வைத்து ஒரேயடியாக விடுவிக்கும் மின்சாரம் டெஃப்லானின் மேல்தோலை ஆவியாக்கிப் பிளாஸ்மாவாக்கி வெளியே தள்ளும். வாயுத் தொட்டியும் இல்லை, வால்வும் இல்லை. 1964-இல் சோவியத்தின் சோண்ட்-2 கொண்டுபோனது இந்தக் குடும்பத்து உந்திதான்.

கோணம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை அண்ணன் டெஃப்லானைக் கடைந்து கொடுத்தார். படகு புரொப்பல்லர் ஷாஃப்ட் திருத்துகிற கை அது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சொன்னால் அதே அளவு வரும். "இது கடல்ல போடுததா, ஆகாசத்துலயா?" என்று மட்டும் கேட்டார், காசு வாங்கவில்லை. ஸ்பார்க் பிளக் பழைய ஸ்கூட்டரிலிருந்து வந்தது. கண்ணாடி ஜாடி வேதியியல் ஆய்வகத்திலிருந்து. வெற்றிடத்துக்கு ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் பம்ப் இரவல்.

முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் ஜாடி முழுக்க ஊதா வெளிச்சம். பிள்ளைகள் குதித்தார்கள், வீடியோ எடுத்தார்கள், வீட்டுக்குப் போன் போட்டார்கள். அது உந்தி இல்லை, ஜாடியில் மிச்சமிருந்த காற்று ஒளிர்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள்தான் சொன்னேன். ஏ.சி. பம்ப் இழுக்கும் வெற்றிடத்தில் மின்சாரம் கண்ட இடத்தில் பாயும், தகடுகளுக்கு நடுவில் மட்டும் பாய் என்றால் கேட்காது. அதைவிட ஆயிரம் மடங்காவது காற்றைக் குறைக்க வேண்டும். அதற்கு டர்போ பம்ப் வேண்டும், கசியாத உலோகக் கலன் வேண்டும். தள்ளும் விசையை அளக்க ஊசல் தொங்கவிட்டோம். மின்விசிறியை நிறுத்தினோம், ஜன்னலை அடைத்தோம். வெளியே ரோட்டில் பஸ் போனால் ஊசல் எங்கள் உந்தியைவிட அதிகமாக ஆடியது.

வெளியூரில் அப்படிப்பட்ட கலன் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். ஒரே ஒரு நாள் போதும், எங்கள் செலவில் வருகிறோம் என்றோம். ஐந்து மாதம் கழித்து பதில் வந்தது, வெளியாருக்கு வசதி இல்லை என்று. அதற்குள் தேர்வு முடிந்து, நாலு பேரில் இரண்டு பேர் ஓசூருக்கும் ஒருவன் துபாய்க்கும் போய்விட்டார்கள். புராஜெக்ட் அறிக்கையில் 'விசை அளவீடு' என்ற பக்கம் காலியாக இருக்கிறது. வாத்தியாராக நான் மதிப்பெண் போட்ட அறிக்கைகளில் நேர்மையான பக்கம் அதுதான்.

ஆக, நான் கேட்கும் பொருள் இதுதான் ஐயா. ஒரு வெற்றிடம். குமரி மாவட்டத்தில், கல்லூரிகளும் பட்டறைகளும் முன்பதிவு செய்து பயன்படுத்தக்கூடிய ஒரு வெற்றிடக் கலன்.

5.4 கிலோவாட் உந்திக்கான பெரிய கலன் இல்லை. அது உங்களிடமே இருக்கட்டும். ஒரு மீட்டர் விட்டம், இரண்டு மீட்டர் நீளம், டர்போ பம்ப், ஒரு கிரையோ பம்ப், அதிர்வு வராத தரையில் ஒரு நல்ல விசை அளவி. இருநூறு வாட் வரைக்கும் உள்ள சின்ன உந்திகளுக்கு இது போதும். கிரையோஜெனிக் சோதனை மேடை கட்டிய உங்களுக்கு இதன் செலவு கண்ணில் படாது. மலையடிவாரம் வேண்டாம், ஆள் அப்புறப்படுத்த வேண்டாம், தீயணைப்பு வண்டி வரிசை வேண்டாம். மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் மட்டும் வேண்டும். ஆடி மாதம் முப்பந்தலில் காற்றாலைகள் சுழன்று தள்ளினாலும் எங்கள் தெருவில் கரண்ட் போகும், அது தனி மர்மம்.

ஏன் இங்கே என்று கேட்பீர்கள். வரைபடத்தைப் பாருங்கள். வடமேற்கே வலியமலை, வடகிழக்கே மகேந்திரகிரி, கடற்கரையோரம் கிழக்கே போனால் 2024 பிப்ரவரியில் புது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய குலசேகரன்பட்டினம். நடுவில் நாங்கள். குலசேகரன்பட்டினத்திலிருந்து போகப்போவது சின்ன ராக்கெட், அதில் சின்னச் செயற்கைக்கோள், அதற்கு வேண்டியது சின்ன உந்தி. தனியார் நிறுவனங்களுக்கு ஆமதாபாத்தில் இன்-ஸ்பேஸ் சோதனை வசதி வைத்திருக்கிறது, நல்லது. நாகர்கோவிலில் ரயில் ஏறினால் இரண்டு இரவு. டெஃப்லான் கட்டையோடு பிள்ளைகளை அங்கே அனுப்ப எங்கள் பிரின்சிபால் கையெழுத்துப் போட மாட்டார். உங்கள் ரெஸ்பாண்ட் திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிப் பணம் வருகிறது. ஐந்து பேராசிரியரும் பிஎச்.டி. பட்டியலும் உள்ள இடத்துக்குத்தான் அது எட்டுகிறது, ஏ.சி. பம்ப் இரவல் வாங்குகிற இடத்துக்கு இல்லை.

செனான் விலைக்கு எங்கே போவீர்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். காற்றில் கோடியில் ஒரு பங்குகூட இல்லாத வாயு அது. ஆனால் ஸ்டார்லிங்க் முதலிலேயே கிரிப்டானைத்தான் எடுத்துக்கொண்டது, 2023-இல் வந்த பெரிய கோள்களில் ஆர்கானுக்கே இறங்கிவிட்டது. ஆர்கான் என்றால் கோணத்தில் டிக் வெல்டிங் அடிக்கிற எல்லாப் பட்டறை மூலையிலும் நிற்கும் சிலிண்டர். எங்கள் பையன்களுக்கு அதன் ரெகுலேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் தயக்கத்தோடு. ஹால் உந்தியின் எதிர்மின்வாய்க்கு நல்ல பொருள் லாந்தனம் ஹெக்சாபோரைடு. லாந்தனம் மோனசைட்டில் இருக்கிறது. மோனசைட் எங்கள் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறது என்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்தே கண்டுபிடித்தார். நூறு வருடத்துக்கு மேலாக மணல் இங்கிருந்து போகிறது. அதிலிருந்து பிறக்கும் நுட்பமான வேலை எதுவும் இங்கே திரும்பி வந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் தயவுசெய்து இந்த வரியை எடுத்துக் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் தோண்டக் கேட்கிறவர்களின் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஒரு எதிர்மின்வாய்க்குச் சில கிராம் போதும். ஏற்கெனவே போன மணலே பல தலைமுறை விண்கலத்துக்குத் தாங்கும். நான் கேட்பது வேலையை, குழியை அல்ல.

கலன் எங்கள் கல்லூரியில்தான் வைக்க வேண்டும் என்றும் பிடிவாதம் இல்லை. மாவட்டத்தில் எங்கே வைத்தாலும் சரி, அரசுக் கல்லூரியாக இருந்தால் எல்லோரும் கூச்சமில்லாமல் உள்ளே போவார்கள். ஒரு டெக்னீஷியன் வேண்டும், பதிவேடு ஒன்று வேண்டும். கேட்ட ஒரு மாதத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்கிற ஒரு ஆள் வேண்டும். மூன்றாவதுதான் கிடைப்பது கஷ்டம் என்று அனுபவம் சொல்கிறது.

அந்த நாலு பேரில் மீதி ஒரு பெண் இப்போது எங்கள் ஆய்வகத்திலேயே உதவியாளராக இருக்கிறாள். ஜாடியைத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறாள், உள்ளே அந்த டெஃப்லான் கட்டை அப்படியே இருக்கிறது, முனையில் கடுகளவு கருப்பு. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால், சொல்லி அனுப்புங்கள். விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, ஒருமுறை ஓட்டிக் காட்டுகிறோம். பஸ் வராத நேரமாகப் பார்த்து வர வேண்டும்.

அன்புடன்,
ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு பாலிடெக்னிக் வாத்தியார்